தோற்றுக் கற்றவர், கற்றுக் கொடுத்தவர்
உதைபந்தாட்ட ஆசான் சையத் அப்துல் ரஹீமின் வாழ்க்கை



உதைபந்தாட்டப் போட்டி பார்க்கப் போகும் நம்மில் எத்தனை பேர், மைதானத்தின் ஓரத்து வாங்கில் அமர்ந்திருக்கும் மனிதரைக் கவனித்துப் பார்த்திருக்கிறோம்? பந்து ஓடும் பக்கமே நம் கண்ணும் ஓடுகிறது. கோல் போட்டவனைத் தோளில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறோம். அவனுக்கு அந்த உதையைக் கற்றுக் கொடுத்தவர் யார், எத்தனை நாள் அவனை ஓடவைத்தார், அவன் சோர்ந்து விழுந்தபோது எப்படித் தேற்றினார் என்று எவரும் விசாரிப்பதில்லை. பாடசாலை ஆசிரியரின் நிலையும் இதுதான் அல்லவா? பிள்ளை டாக்டராகிறான், அகரம் எழுதப் பழக்கியவரின் பெயர் ஊருக்கு மறந்துவிடுகிறது.

இந்த வாரம் நாம் சொல்லப்போவது அப்படி ஓரத்தில் அமர்ந்திருந்த ஒருவரின் கதையைத்தான். அவர் பாடசாலை ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கியவர். உதைபந்தாட்ட வீரராக விளையாடியவர். பின்னர் பயிற்றுநராகி இந்தியாவுக்கு ஆசியத் தங்கப்பதக்கத்தை இருமுறை வாங்கிக் கொடுத்தவர். பெயர் சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத் மக்கள் அவரை ரஹீம் சாஹிப் என்று மரியாதையோடு அழைத்தார்கள். 1963ஆம் ஆண்டில் மறைந்த அவருடைய பெயர் நீண்ட காலம் விளையாட்டு ஆர்வலர் சிலரின் நினைவில் மட்டுமே இருந்தது. 2024ஆம் ஆண்டில் மைதான் என்ற இந்தித் திரைப்படம் வந்த பின்னரே பலரும் அவரை அறிந்தார்கள். படமென்றால் அதில் கற்பனையும் கலந்திருக்கும். நாம் இங்கே நடந்ததை மட்டும் பார்ப்போம்.

ஹைதராபாத்தின் வாத்தியார்

ரஹீம் 1909ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 17ஆம் திகதி ஹைதராபாத்தில் பிறந்தார். அக்காலத்தில் ஹைதராபாத் நிஜாம் மன்னரின் ஆட்சியில் இருந்த தனி சமஸ்தானம். அருகிலிருந்த சிக்கந்தராபாத்தில் ஆங்கிலேயப் படையினரின் பாசறைகள் இருந்தன. படையினர் மாலை வேளைகளில் பந்து விளையாட, அதை வேலிக்கு வெளியே நின்று பார்த்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் அந்த விளையாட்டுப் பிடித்துவிட்டது. நம் மலைநாட்டுத் தோட்டங்களுக்குக் கிரிக்கெட்டும் உதைபந்தும் வந்து சேர்ந்த வழியும் ஏறக்குறைய இதுவேதான்.

ரஹீம் ஒஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார். பல்கலைக்கழக அணியிலும் விளையாடினார். பின்னர் ஹைதராபாத்தின் பேர்பெற்ற கழகங்களில் ஒன்றான கமார் கழகத்துக்காக ஆடினார். ஆனாலும் ஆட்டத்தை நம்பி அவர் பிழைக்கவில்லை. அந்த நாட்களில் உதைபந்தாட்டம் சோறு போடும் தொழில் அல்லவே! அவர் பாடசாலை ஆசிரியரானார். காச்சிகுடா நடுத்தரப் பாடசாலை, தாருல் உலூம் உயர்நிலைப் பாடசாலை, சாதர்காட் உயர்நிலைப் பாடசாலை முதலியவற்றில் கற்பித்தார். உடற்பயிற்சிக் கல்வியில் டிப்ளோமாவும் பெற்று, பாடசாலை விளையாட்டுகளுக்குப் பொறுப்பாளராகவும் விளங்கினார்.

வாசகர்களே, இந்த ஆசிரியத் தொழிலை நீங்கள் மனதில் இருத்திக் கொள்ளவேண்டும். ஏனெனில், பின்னாளில் அவர் செய்த அனைத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. நல்ல ஆசிரியர் வகுப்பில் நுழைந்ததும் என்ன செய்கிறார்? எந்தப் பிள்ளைக்கு எது வரும், எது வராது என்று பார்க்கிறார். வராததை வரவழைக்க வழி தேடுகிறார். பரீட்சையில் வகுப்பு முழுவதும் தவறினால் பிள்ளைகளை அடிப்பதற்கு முன்னால் தாம் கற்பித்த விதத்தை ஆராய்கிறார். ரஹீம் மைதானத்தையும் வகுப்பறையாகவே நடத்தினார்.

1940களின் தொடக்கத்தில் அவர் ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளரானார். சாகும் வரையில் அந்தப் பொறுப்பை அவர் விடவில்லை. சங்கச் செயலாளர் என்றால் கூட்டம் கூட்டி, கணக்கு வாசித்து, தேநீர் அருந்திக் கலைவது என்று எண்ணிவிடாதீர்கள். இளைஞர்களுக்காக அவர் நடத்திய போட்டிகளைக் கேட்டால் வியப்பாக இருக்கும். பந்தைக் காலோடு ஒட்டிவைத்துக்கொண்டு எதிராளிகளை வெட்டி வெட்டி ஓடுவதில்தான் அன்றைய இந்திய ஆட்டக்காரர்களுக்கு ஆசை அதிகம். கூட்டமும் அதற்கே கைதட்டும். ரஹீம் அதைத் தடைசெய்து தனிப் போட்டி வைத்தார். பந்து வந்ததும் உடனே தோழனுக்கு அனுப்பிவிட வேண்டும். இன்னொரு போட்டியில் பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்கவேண்டும். வலதுகாலன் இடதுகாலால் தடுமாறுவான், பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சில மாதங்கள் போனதும் அவனுக்கு இரண்டு காலும் ஒன்றுபோல் வேலை செய்யும். அப்போது சிரித்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

பொலிஸ் அணியின் பொற்காலம்

1950ஆம் ஆண்டில் ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணியின் பயிற்சிப் பொறுப்பு ரஹீமிடம் வந்தது. அந்த நாளில் இந்திய உதைபந்தாட்டத்தின் தலைநகரம் கல்கத்தா. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், மொஹமடன் ஸ்போர்ட்டிங் என்ற மூன்று பெரும் கழகங்களும் அங்கேதான் இருந்தன. தக்காணத்துப் பொலிஸ்காரர்கள் அவர்களை எதிர்த்து நிற்பார்கள் என்று எவரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

நடந்ததோ வேறு. பம்பாயில் நடைபெறும் ரோவர்ஸ் கிண்ணத்தை ஹைதராபாத் பொலிஸ் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றது. 1950ஆம் ஆண்டின் டூரண்ட் கிண்ணத்தையும் மோகன் பகானைத் தோற்கடித்துத் தட்டிச் சென்றது. மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கிண்ணத்தை 1956லும் 1957லும் ஹைதராபாத் அணி வென்றது. பணமில்லை, பெரிய மைதானமில்லை, கல்கத்தாவின் இலட்சக்கணக்கான இரசிகர்கள் இல்லை. அவர்களிடம் இருந்தது ஒழுங்கான பயிற்சியும், பந்தைப் பகிர்ந்து ஆடும் பழக்கமுமே. தனியொருவன் பந்தோடு ஓடுவதைவிடப் பந்து வேகமாக ஓடும் என்ற எளிய உண்மையை அவர்கள் காலில் ஏற்றியிருந்தார் ரஹீம்.

இந்த வெற்றிகள் அவரை இந்திய தேசிய அணியின் பயிற்றுநர் பதவிக்குக் கொண்டுசென்றன. 1951ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் புதுடில்லியில் நடைபெற்றன. இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானையும் தலா மூன்று கோல்களால் வென்ற இந்தியா, இறுதியாட்டத்தில் ஈரானை ஒரு கோலால் வென்றது. அந்த ஒரே கோலைப் போட்டவர் மேவாலால்; அணித் தலைவர் சைலேன் மன்னா. மூன்று ஆட்டங்களிலும் இந்தியாவின் வலைக்குள் ஒரு பந்தும் போகவில்லை. முதல் தங்கம் வந்தது. நாடு மகிழ்ந்தது.

வெறுங்காலும் பத்துக் கோலும்

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அடுத்த ஆண்டே ஹெல்சின்கி ஒலிம்பிக் வந்தது. 1952ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பின்லாந்தின் குளிரில் இந்தியா யூகோஸ்லாவியாவை எதிர்கொண்டது. இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். பிள்ளைப் பருவம் முதல் வெறுங்காலால் பந்தாடிப் பழகியவர்களுக்குப் பூட்ஸ் பாரமாகத் தோன்றியது. பந்து காலில் படும் உணர்வே போய்விடுகிறதென்று எண்ணினார்கள். காய்ந்த தரையில், வெயிலில், அந்த எண்ணத்தில் நியாயமும் இருந்தது. குளிரில் விறைத்த பாதங்களோடு, பூட்ஸ் அணிந்த பலசாலிகளை எதிர்ப்பது வேறு கதை. பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இந்தியா தோற்றது.

பத்து கோல்! முந்திய ஆண்டில் ஆசியாவின் வெற்றிவீரர்கள் என்று மாலை சூட்டிய கைகளே இப்போது கல்லெறியத் துடித்தன. இப்படிப்பட்ட தோல்விக்குப் பின் மனிதர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? குளிரைக் குறை சொல்வார்கள். மத்தியஸ்தரைக் குறை சொல்வார்கள். அதிர்ஷ்டமில்லை என்று கைவிரிப்பார்கள். ரஹீம் தோல்வியைப் பாடநூலாக விரித்து வைத்துப் படித்தார். அதே ஒலிம்பிக்கில் ஹங்கேரி அணி ஆடிய ஆட்டம் உலகத்தின் கண்ணைத் திறந்தது. தங்கம் வென்ற அந்த அணியில் நடுமுன்னணி ஆட்டக்காரர் எதிரணியின் கோலருகே காத்து நிற்காமல் பின்னே இறங்கி வந்தார். அவரைக் காவல் காக்க வேண்டிய எதிரணி வீரர், பின்தொடர்ந்து போவதா, இடத்தில் நிற்பதா என்று திகைத்தார். அந்தத் திகைப்பில் பிறந்த இடைவெளியில் மற்றவர்கள் புகுந்தார்கள்.

ரஹீம் நாடு திரும்பியபின் இந்த முறையைத் தம் வீரர்களுக்கு ஏற்றபடி மாற்றிப் பழக்கலானார். பின்னே நால்வர், நடுவே இருவர், முன்னே நால்வர் என்று நிற்கும் முறையால் பிரேசில் 1958ஆம் ஆண்டில் உலகக் கிண்ணத்தை வென்றபோது உலகமே அதைப் புதுமை என்றது. அதன் சாயலை ரஹீம் அதற்கு முன்னரே தம் அணியில் பரீட்சித்திருந்தார் என்று அந்தக் கால ஆட்டக்காரர்கள் சொல்லி வந்தார்கள். பூட்ஸ் விடயத்திலும் தயக்கம் முடிந்தது. ஹெல்சின்கிக்குப் பின் அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் பூட்ஸ் அணிவதைக் கட்டாயமாக்கியது.

நம் தீவோடும் அந்தக் காலத்து இந்திய உதைபந்தாட்டத்துக்குத் தொடர்புண்டு. இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய நான்கு நாடுகளும் மோதிய நாற்கோணப் போட்டி 1952ஆம் ஆண்டில் கொழும்பில்தான் தொடங்கியது. கொழும்புக் கிண்ணம் என்றே அதற்குப் பெயர். முதல் ஆண்டில் இந்தியாவும் பாகிஸ்தானும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. அடுத்து ரங்கூன், கல்கத்தா, டாக்கா ஆகிய நகரங்களில் நடந்த மூன்று போட்டிகளிலும் இந்தியாவே வென்றது.

மெல்பேர்ன் தந்த மறுமொழி

நான்கு ஆண்டுகள் கடந்தன. 1956ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மெல்பேர்ன் ஒலிம்பிக் நடைபெற்றது. முதல் சுற்றில் எதிராளியான ஹங்கேரி விலகிக்கொண்டதால் இந்தியா ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போனது. அங்கே காத்திருந்தது அவுஸ்திரேலியா. அதுவும் அவர்களுடைய சொந்த மண்ணில். இந்தியா நான்குக்கு இரண்டு என்று வென்றது. கோவாவைச் சேர்ந்த நெவில் டி சூசா அந்த ஆட்டத்தில் மூன்று கோல்களைப் போட்டார். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதலாவது ஆசியர் அவரே. ஓர் ஆசிய நாடு ஒலிம்பிக் அரையிறுதிக்குள் கால் வைத்ததும் அதுவே முதல் தடவை.

அரையிறுதியில் எதிரே வந்தவர்கள் யார் தெரியுமா? ஹெல்சின்கியில் பத்துக் கோல் போட்ட அதே யூகோஸ்லாவியர்! இடைவேளை வரையில் எவரும் கோல் போடவில்லை. இடைவேளைக்குப் பின் முதல் கோலைப் போட்டது இந்தியா. போட்டவர் மீண்டும் நெவில். அதன்பின் யூகோஸ்லாவியர் விழித்துக்கொண்டார்கள். ஆட்டம் நான்குக்கு ஒன்று என்று முடிந்தது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று இந்தியா நான்காம் இடத்தில் நின்றது. பதக்கம் கிடைக்கவில்லை. ஆயினும் கணக்கை நிதானமாகப் பாருங்கள். பத்துக்கு ஒன்று என்று தோற்றவர்கள் நான்கே ஆண்டுகளில் அதே அணியை முந்திக்கொண்டு கோல் போடும் நிலைக்கு உயர்ந்திருந்தார்கள். இன்றுவரை எந்த இந்திய அணியும் ஒலிம்பிக்கில் அந்த இடத்தைத் தாண்டவில்லை.

பிள்ளைகளைத் தேடிய கண்

நம் வாசகர்கள், அதிலும் தோட்டங்களில் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர், ஊன்றிப் படிக்கவேண்டிய பகுதிக்கு இப்போது வருகிறோம்.

சிக்கந்தராபாத்தை அடுத்து அம்முகுடா என்றொரு சிற்றூர். அங்கே ஓர் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பையன் துளசிதாஸ் பலராம். வீட்டில் வறுமை. பந்தின்மேல் பையனுக்கு இருந்த பித்தோ சொல்லி முடியாது. புதிய பூட்ஸ் வாங்க வழியில்லாமல், பொலிசார் கழித்துப்போட்ட பழைய பூட்ஸின் தோலைக் கொண்டு சக்கிலியரிடம் தைப்பித்துப் போட்டுக்கொண்டு ஆடினான். சுற்றுவட்டாரப் போட்டியொன்றில் அவன் ஆட்டம் ரஹீமின் கண்ணில் பட்டது. நகரத்துக்குப் பயிற்சிக்கு வரும்படி அழைத்தார். பையன் தலைகுனிந்தான். அம்முகுடாவிலிருந்து நாள்தோறும் ஹைதராபாத்துக்கு வந்துபோகும் செலவுக்கு எங்கே போவான்? விடயத்தைப் புரிந்துகொண்ட ரஹீம் அந்தச் செலவைத் தாமே கொடுத்து அவனை வரவழைத்தார்.

அந்தப் பையன் மெல்பேர்ன் ஒலிம்பிக்குக்குப் போனான்; உரோமை ஒலிம்பிக்குக்கும் போனான்; இந்தியாவின் தலைசிறந்த முன்னணி வீரர்களுள் ஒருவன் என்று பெயரெடுத்தான். 2023ஆம் ஆண்டில் தம் எண்பதுகளின் நடுவில் பலராம் காலமானபோது இந்தியப் பத்திரிகைகள் அனைத்தும் அவருடைய புகழைப் பாடின. ஓர் ஆசிரியர் தம் சட்டைப்பையிலிருந்து எடுத்துக்கொடுத்த வழிச்செலவு அந்த வாழ்க்கையைத் திறந்துவிட்டது.

ரஹீமின் அணிகளில் தமிழ்ப் பெயர்கள் இன்னும் உண்டு. ஹைதராபாத்தில் வளர்ந்து, இராணுவத்தில் சேர்ந்து மதராஸ் படைப்பிரிவு அணிக்காக ஆடிய பீற்றர் தங்கராஜ் ஆறடிக்கு மேல் உயர்ந்த கோல்காப்பாளர். முதலில் முன்னணியில் ஆடி, பின்னர் கோலுக்கு வந்தவர். தஞ்சாவூர் மண்ணில் பிறந்த சைமன் சுந்தரராஜ் 1960ஆம் ஆண்டு உரோமையில் பெரு நாட்டுக்கு எதிராகக் கோல் போட்டார். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் இந்தியா போட்ட கடைசிக் கோல் இன்றுவரை அதுதான்.

உரோமையில் இந்தியாவுக்குக் கிடைத்தது கடினமான பிரிவு. ஹங்கேரியிடம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். பிரான்சோடு ஒன்றுக்கு ஒன்று என்று சமநிலை. அணித் தலைவர் பி.கே. பானர்ஜி முதலில் கோல் போட, வெற்றி கைக்கெட்டும் வேளையில் பிரான்ஸ் சமப்படுத்தியது. பெருவிடம் மூன்றுக்கு ஒன்று என்று தோல்வி. அந்தக் குழுவில் ரஹீமின் சொந்த மகன் ஹக்கீமும் இருந்தார். உரோமைக்குப் போன அவர் ஓர் ஆட்டத்திலும் இறங்கவில்லை. பயிற்றுநர் தந்தையாயிருந்தும் மகனுக்கென்று இடம் ஒதுக்கப்படவில்லை. ஹக்கீம் பின்னாளில் சர்வதேச மத்தியஸ்தராகவும் பயிற்றுநராகவும் விளங்கி 2021ஆம் ஆண்டில் காலமானார். சங்கங்களிலும் சபைகளிலும் தம் பிள்ளைக்கும் மருமகனுக்கும் முதல் நாற்காலி போடுவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

ஜகார்த்தாவின் அந்த மாலை

1962ஆம் ஆண்டு ஆசியப் போட்டிகள் இந்தோனேசியாவின் தலைநகர் ஜகார்த்தாவில் நடைபெற்றன. ரஹீமுக்கு அப்போது வயது 53. சிகரெட் பழக்கம் அதிகமாயிருந்த அவரை நுரையீரல் புற்றுநோய் பற்றியிருந்தது. இருமலும் களைப்பும் உடலை அரித்துக்கொண்டிருந்தன. அந்த உடலோடுதான் அவர் அணியை அழைத்துக்கொண்டு போனார்.

முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் இரண்டு கோல்களால் தோல்வி. அடுத்த ஆட்டத்தில் தாய்லாந்தை நான்குக்கு ஒன்று என்று வென்றார்கள். ஆனால் அணியின் தூணாக விளங்கிய பின்னணி வீரர் ஜர்னேல் சிங்குக்குத் தலையில் காயம்பட்டுத் தையல் போடவேண்டி வந்தது. அவரில்லாமலே ஜப்பானை இரண்டு கோல்களால் வென்று அரையிறுதிக்கு வந்தார்கள்.

இங்கேதான் அந்தப் பழைய பாடசாலை ஆசிரியரின் கண் வேலை செய்தது. தலையில் கட்டோடு நிற்கும் ஒருவரைப் பின்னணியில் விட்டு, பறந்துவரும் ஒவ்வொரு பந்தையும் தலையால் முட்டித் தள்ளச் சொல்வது ஆபத்து. அவரை வீட்டுக்கு அனுப்பினால் அணியின் வலிமை குறையும். ஜர்னேல் சிங் மாணவப் பருவத்தில் முன்னணியில் ஆடியவர் என்பது ரஹீமுக்குத் தெரியும். தென் வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் அவரை நடுமுன்னணியில் நிறுத்தினார். எதிரணிக்கு எதுவும் விளங்கவில்லை. ஜர்னேல் கோல் போட்டார். அணித் தலைவர் சுனி கோஸ்வாமி இரண்டு கோல் போட்டார். இந்தியா மூன்றுக்கு இரண்டு என்று வென்றது.

இறுதியாட்டம் செப்டெம்பர் 4ஆம் திகதி. எதிரே மீண்டும் தென் கொரியா. இந்த ஆட்டத்தில் பதினொருவர் மட்டுமே எதிரிகள் அல்லர். அரங்கம் நிறைந்த கூட்டமே எதிரியாக இருந்தது. காரணம் அரசியல். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் அந்த முறை இந்தோனேசியா அனுமதி கொடுக்கவில்லை. அப்படியானால் இவற்றை ஆசியப் போட்டிகள் என்று அழைக்கலாகாது என்று இந்தியாவைச் சேர்ந்த ஒலிம்பிக் குழு உறுப்பினர் சோந்தி குரல் எழுப்பினார். ஜகார்த்தா கொதித்தது. இந்தியத் தூதரகத்தை ஆர்ப்பாட்டக்காரர் தாக்கினார்கள். சோந்தி நாட்டைவிட்டுப் போய்விட்டார். கோபம் முழுவதும் விளையாட்டு வீரர்கள் தலையில் விழுந்தது. இறுதியாட்டத்தில் இந்திய தேசிய கீதம் ஒலித்தபோது கூட்டம் ஊளையிட்டது. ஏறக்குறைய ஓர் இலட்சம் பேர் கொள்ளும் அரங்கம் அது.

அந்தப் பெருங்கூட்டத்தில் இந்தியாவுக்காகக் கைதட்டியவர்களும் இருந்தார்கள். அவர்கள் யார் தெரியுமா, வாசகர்களே? பாகிஸ்தான் ஹொக்கி அணியினர். அதே போட்டிகளில் ஹொக்கி இறுதியாட்டத்தில் இந்தியாவைத் தோற்கடித்துத் தங்கம் வென்றவர்கள். அரசாங்கங்கள் பகைத்து நின்ற காலத்தில், ஊளையிடும் கூட்டத்தின் நடுவே அயல் வீட்டுப் பிள்ளைகளுக்காக அவர்கள் குரல் கொடுத்தார்கள்.

ஆட்டத்துக்கு முந்திய இரவில் ரஹீம் தம் வீரர்களைக் கூட்டி, நாளைக்குத் தமக்கு ஒரு பரிசு வேண்டுமென்றும், அந்தத் தங்கமே தாம் அவர்களிடம் கேட்கும் பரிசென்றும் சொன்னதாக அந்த வீரர்கள் முதுமையிலும் கண்கலங்கி நினைவுகூர்ந்து வந்தார்கள். தம் நோயைப் பற்றி அவர் பெரிதாகப் பேசவில்லை. ஆனாலும் இருமலைக் கேட்டவர்களுக்குப் புரியாமலா இருந்திருக்கும்?

காய்ச்சலால் சில ஆட்டங்களில் ஓய்விலிருந்த பீற்றர் தங்கராஜையே ரஹீம் இறுதியாட்டத்தில் கோலுக்கு நிறுத்தினார். உயரமான காப்பாளர் வேண்டும் என்பது அவர் கணிப்பு. பின்னணியில் ஆடிய திரிலோக் சிங்கும் கால்விரல் காயத்தோடுதான் இறங்கினார். தலையில் கட்டோடு ஜர்னேல் முன்னணியில். காயம்பட்டவர்களும் நோயாளிகளும் நிறைந்த அணி. அதன் ஆசிரியரே எல்லாரிலும் பெரிய நோயாளி.

ஆட்டம் தொடங்கி இருபது நிமிடங்களுக்குள் இரண்டு கோல்கள் விழுந்தன. முதலாவதைப் பி.கே. பானர்ஜியும் இரண்டாவதை ஜர்னேல் சிங்கும் போட்டார்கள். கொரியர் கடைசி வேளையில் ஒன்றைத் திருப்பினார்கள். அதற்குமேல் தங்கராஜ் விடவில்லை. இரண்டுக்கு ஒன்று. தங்கம் இந்தியாவுக்கு! ஊளையிட்ட கூட்டம் அடங்கியது.

அந்த அணியின் பெயர்ப்பட்டியலைச் சற்றுப் பாருங்கள். வங்காளத்து இந்துக்கள், பஞ்சாபின் சீக்கியர்கள், ஹைதராபாத்தின் முஸ்லிம்கள், கோவாவின் கிறிஸ்தவரான பிராங்கோ, மலையாளியான சந்திரசேகர், தமிழரான தங்கராஜ், பலராம், அருமைநாயகம். எத்தனை மொழி, எத்தனை வழிபாடு! ரஹீமின் வகுப்பில் இவர்கள் ஒரே வாங்கில் உட்கார்ந்தார்கள். பந்தை வைத்துக்கொண்டிராமல் தோழனுக்குக் கொடு என்பதுதான் அந்த வகுப்பின் முதல் பாடம். அந்தப் பாடம் மைதானத்துக்கு வெளியேயும் பொருந்துமென்று நாம் விளக்கத் தேவையில்லை.

விடைபெற்ற ஆசான்

ஜகார்த்தாவிலிருந்து திரும்பிய சில மாதங்களில் ரஹீம் படுக்கையில் விழுந்தார். 1963ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் திகதி ஹைதராபாத்தில் அவர் உயிர் பிரிந்தது. 54 வயதுகூட நிரம்பவில்லை. பெரிய அரச விருது எதுவும் அவர் வாழ்நாளில் அவரைத் தேடி வரவில்லை. ஒரே ஆண்டில் பலராமும் நோயால் ஆட்டத்தைவிட்டு விலகினார். 1970ஆம் ஆண்டில் பேங்கொக்கில், ரஹீமின் மாணவரான பி.கே. பானர்ஜி பயிற்றுநர்களுள் ஒருவராயிருந்த இந்திய அணி வெண்கலம் வென்றது. ஆசியப் போட்டிகளில் இந்திய உதைபந்தாட்டம் பெற்ற கடைசிப் பதக்கம் அதுவே. தங்கம் என்பது 1962க்குப் பின் வரவேயில்லை.

ஏன் வரவில்லை? பல காரணங்கள் சொல்வார்கள். மற்ற ஆசிய நாடுகள் வேகமாக முன்னேறின, பணமும் கவனமும் கிரிக்கெட் பக்கம் போயின, நிர்வாகம் தளர்ந்தது. எல்லாம் உண்மையே. ஆயினும் ஹைதராபாத்தின் கதை ஒரு காரணத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. ரஹீம் இருந்தவரையில் அந்த நகரம் வீரர்களை வரிசையாகத் தந்துகொண்டிருந்தது. அவர் மறைந்ததும் அந்த ஊற்று மெல்ல மெல்ல வற்றியது. சிற்றூர்ப் போட்டிகளுக்குப் போய் நின்று, அம்முகுடாப் பையன்களைக் கண்டுபிடித்து, வழிச்செலவு கொடுத்து அழைத்துவரும் கண்களும் கைகளும் இல்லாமற் போயின. திறமை நாட்டில் குறையவில்லை. அதைத் தேடிப்போகும் ஆசிரியர்கள் குறைந்தார்கள்.

நம் மலைகளுக்கு ஒரு வார்த்தை

பெரகல சந்தியிலிருந்து ஒரு வீதி ஹப்புத்தளைக்கும் இன்னொன்று கொஸ்லந்தைப் பக்கமாக வெல்லவாயவுக்கும் பிரிகிறது. இரண்டு வழியிலும் எத்தனை தோட்டங்கள்! மலைச்சரிவில் வெட்டியெடுத்த சிறு சமதரையில், பனிமூட்டம் இறங்கி பந்து கண்ணுக்குத் தெரியாமற் போகும் வரையில் விளையாடும் பிள்ளைகளை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். அவர்களுக்குள் ஒரு பலராம் இல்லையென்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா? உதைபந்தில் மட்டுமல்ல, கணக்கில், இசையில், சித்திரத்தில், கைத்தொழிலில் எத்தனை பலராம்கள் பஸ் காசு இல்லாமல் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள்? வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை, பண்டாரவளைக்கோ பதுளைக்கோ போய்ப் படிக்கச் செலவில்லாமல் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போன கதை எந்த லயத்தில் இல்லை?

ஆசிரியர்களே, இளைஞர் மன்றத் தலைவர்களே, தோட்டத்துப் பெரியவர்களே! ரஹீமுக்கு மாளிகை இருக்கவில்லை. வங்கியில் குவியலும் இருக்கவில்லை. பிள்ளைகளைப் பார்க்கும் கண் இருந்தது. தோற்றபோது படிக்கும் பணிவு இருந்தது. கையிலிருந்த சிறிதைக் கொடுக்கும் மனம் இருந்தது. இவை மூன்றும் எந்தத் தோட்டத்திலும், எந்தச் சம்பளத்திலும் கிடைக்கக்கூடியவை. ஒரு பிள்ளையைக் கவனியுங்கள். அவனுக்கோ அவளுக்கோ எது தடையாக நிற்கிறதென்று கேளுங்கள். ஒருவேளை அது ஒரு சோடிச் சப்பாத்தாக இருக்கலாம். ஒரு மாத பஸ் காசாக இருக்கலாம். நன்றாகச் செய்தாய் என்ற ஒரு சொல்லாகவும் இருக்கலாம்.

அதைச் செய்தவரின் பெயரை ஊர் நினைவில் வைத்திராது. ஹைதராபாத் ஆசிரியரின் பெயரையும் அறுபது ஆண்டுகளாகப் பலர் நினைக்கவில்லை. அவர் எழுப்பிவிட்ட பிள்ளைகளோ எழுந்து நின்றார்கள். அதுவே ஆசிரியருக்குப் போதும்.